ஐந்து கோடும் ஒற்றைக் கோடும்

சங்கீதத்தைக் காகிதத்தில் எழுதுவது பற்றி நம்மிடையே நடக்கிற பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது: எழுத முடியுமா, முடியாதா. முடியாது என்பவர்கள் குருகுலத்தைச் சொல்கிறார்கள். முடியும் என்பவர்கள் மேற்கைக் காட்டுகிறார்கள். காகிதத்தை மட்டும் இரு தரப்பும் பார்ப்பதில்லை. அச்சான பக்கத்தில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவே எவ்வளவு வெள்ளை விடப்பட்டிருக்கிறது, அதை விட்டவன் யார், எந்தக் கணக்கில் விட்டான் என்று கேட்டால் விவாதம் வேறு தளத்துக்குப் போகும். கேள்வி அற்பமாகத் தெரியலாம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் ஒருவர் தன் கைப்பணத்தையும் உடம்பையும் இந்தக் கேள்வியில்தான் தொலைத்தார். அவரிடம் வருவதற்கு முன் மேற்கில் இந்த வெள்ளை எப்படி உண்டாயிற்று என்று பார்த்துவிட வேண்டும்.

வெனிஸில் பெத்ரூச்சி 1501இல் அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளும் மூன்று தடவை அழுத்தப்பட்டது. கோடுகள் ஒரு தடவை, ஸ்வரங்கள் ஒரு தடவை, வார்த்தைகள் ஒரு தடவை. அழகு, ஆனால் கட்டுப்படியாகாது. பிறகு ஒவ்வொரு ஸ்வரமும் தனக்குரிய துண்டுக் கோடுகளைத் தன்னோடு சுமந்துகொண்டு வரும் அச்செழுத்து வந்தது. 1750களில் லைப்ஸிகில் பிரைட்கோப்ஃப் அதையும் உடைத்தார். தலை ஒரு எழுத்து, தண்டு ஒரு எழுத்து, வால் ஒரு எழுத்து. கேஸில் கைவிட்டுப் பொறுக்கிக் கோப்பவனுக்கு அது நரகமாக இருந்திருக்க வேண்டும். இந்த எழுத்துமுறை எதனாலும் சரிவர முடியாத காரியம் ஒன்று உண்டு. வேகமான ஸ்வரங்களின் தண்டுகளை ஒன்றாகக் கட்டுகிற தடித்த பட்டை, ஸ்வரங்கள் ஏறும்போது கூடவே சாய்ந்து ஏற வேண்டும். சதுரமான ஈயத் துண்டுகளால் சாய்வைக் கோக்க முடியாது. படிப்படியாகத்தான் ஏற்ற முடியும்.

ஆகவே நல்ல வேலை உலோகத் தகட்டுக்குப் போயிற்று. செதுக்குகிறவன் ஐந்து பல் கொண்ட கருவியால் தகட்டில் ஐந்து கோடு கீறுவான். எல்லாவற்றையும் வலமிடமாக மாற்றித்தான் பார்க்க வேண்டும். ஸ்வரத்தலைகளை எஃகு அச்சால் சுத்தியல் கொண்டு அடிப்பான். தண்டையும் பட்டையையும் கையால் செதுக்குவான். ஆனால் முதல் அடி விழுவதற்கு முன்பே ஒரு கவராயத்தை எடுத்து வரி முழுவதையும் அளந்து, எந்தத் தலை எங்கே விழும் என்று மெல்லிய புள்ளிகளால் குறித்துக்கொண்டிருப்பான். அவனுடைய கலை முழுவதும் அந்தக் கவராயத்தில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. நான்கு மாத்திரை ஸ்வரத்துக்கு ஒரு மாத்திரை ஸ்வரத்தைப் போல் நான்கு மடங்கு இடம் அவன் தரவில்லை. தந்தால் பக்கம் பாலைவனமாகிவிடும், சின்ன ஸ்வரங்கள் ஒன்றையொன்று நெரிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே இடமும் தரவில்லை. தந்தால் கண் காலத்தை இழந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், வாய்ப்பாடு எழுதி வைக்காமல், வாத்தியாரிடமிருந்து சிஷ்யனுக்குக் கைவழியாகப் போன ஒரு சமரசம் அது. குருகுலம் நம்மிடம் மட்டும் இருந்ததில்லை.

கம்ப்யூட்டர் வந்தபோது இந்தச் சமரசத்தை எண்ணாக எழுத வேண்டியதாயிற்று. ஸ்டான்ஃபோர்டில் லீலண்ட் ஸ்மித் 1970களிலேயே ஸ்கோர் என்ற நிரலைச் செய்யத் தொடங்கிவிட்டார். 1988இல் ஃபினாலே, 1990களில் சிபேலியஸ். ஃபினாலேயை அதன் உரிமையாளர்கள் 2024இல் நிறுத்திவிட்டார்கள். 1996இல் நெதர்லாந்தில் இரண்டு பேர் ஆரம்பித்த லிலிபாண்ட் என்ற இலவச நிரல்தான் எனக்கு இதில் சுவாரஸ்யமானது, ஏனென்றால் அவர்கள் பழைய தகட்டு அச்சுகளை எடுத்து வைத்து அளந்தார்கள். காலம் இரட்டிக்கும்போது இடம் இரட்டிப்பதில்லை, ஏறக்குறைய ஒரு தலையின் அகலம்தான் கூடுகிறது என்று கண்டார்கள். இன்னொன்றும் கண்டார்கள். மேல்நோக்கிய தண்டு தலையின் வலது பக்கம் நிற்கும். கீழ்நோக்கியது இடது பக்கம். மேல்தண்டு ஸ்வரத்தை அடுத்துக் கீழ்த்தண்டு ஸ்வரம் வந்தால் தண்டுகள் இரண்டும் நெருங்கி நின்று கண்ணை ஏமாற்றுகின்றன. அதனால் செதுக்குகிறவன் அங்கே இம்மியளவு தள்ளி வைப்பான். நேர்மாறாக வந்தால் இம்மியளவு நெருக்கி வைப்பான். பட்டையின் சாய்வும் இஷ்டத்துக்கு விட்டதல்ல. பட்டையின் ஓரம் ஐந்து கோட்டில் ஒன்றை மிகக் குறுகலாக வெட்டினால் நடுவே ஊசிமுனை போன்ற ஒரு வெள்ளை முக்கோணம் உண்டாகும், அதில் மசி அடைத்துக்கொள்ளும். டிரெடில் பிரஸ்ஸில் பத்திரிகை போட்டவர்களுக்கு அடைத்த மசி என்னவென்று தெரியும். அந்த முக்கோணம் வராத சாய்வுகளை மட்டுமே அவன் அனுமதித்தான். இன்றைய நிரல்களில் மசி இல்லை. சாய்வின் விதி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இனி நம்முடையதற்கு வரலாம்.

கர்நாடக சங்கீதப் புத்தகத்தில் ஐந்து கோடு இல்லை. ஏழு எழுத்து. ஸ என்றால் ஒரு மாத்திரை, ஸா என்றால் இரண்டு. நீட்ட வேண்டுமானால் கமா ஒன்றுக்கு, அரைப்புள்ளி இரண்டுக்கு. மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. வேகம் இரட்டித்தால் எழுத்துகளின் தலைக்கு மேல் ஒரு கோடு, மேலும் இரட்டித்தால் இரண்டு கோடு. மேற்கின் பட்டைக்கு நம்மிடம் உள்ள ஒன்றுவிட்ட சகோதரன் இந்தக் கோடு. ஆனால் வேலை வேறு. மேற்கத்தியப் பட்டை பெரும்பாலும் ஒரு துடிப்போடு முடிந்து அடுத்த துடிப்பில் புதிதாகத் தொடங்கும். அதைப் பார்த்தாலே தாளம் கண்ணில் விழும். நம் கோடு வேகத்தை மட்டும் சொல்கிறது. அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகலாம். தாளத்தை அங்கங்கே வரும் நெட்டுக்கோடுகள்தான் சொல்ல வேண்டும்.

குறிலும் நெடிலும் மாத்திரையின் கணக்கைச் செய்வது எவ்வளவு நயமான விஷயம் என்று நம்மில் யாரும் வியந்ததாகத் தெரியவில்லை. தொல்காப்பியம் வகுத்த ஒரு மாத்திரையும் இரண்டு மாத்திரையும் அப்படியே ஸ்வரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மேற்கில் வெற்றுத்தலை, நிறைதலை என்று புதிதாக உருவங்கள் கற்பிக்க வேண்டியிருந்தது. நமக்கு எழுத்தே போதும். ஆனால் பக்கத்தின் மேல் இது என்ன செய்கிறது என்று பாருங்கள். தமிழில் ஸ, க, ம, ப, த ஐந்தும் நெடிலாகும்போது கால் ஒன்று தனியாக வந்து பக்கத்தில் நிற்கிறது. எழுத்து அகன்றுவிடுகிறது. இரண்டு மாத்திரைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம். ரியும் நியும் நெடிலாகும்போது தலையில் ஒரு சுழி சுழித்துக்கொள்வதோடு சரி, அகலம் மாறுவதில்லை. ஆக, ஒரே வரியில் மாவும் பாவும் காலத்தை இடமாகக் காட்டுகின்றன, ரீயும் நீயும் காட்டுவதில்லை. இதை யாரும் தீர்மானிக்கவில்லை. லிபி செய்த விபத்து. படிக்கிறவனின் கண் விபத்துக்கும் தீர்மானத்துக்கும் பேதம் பார்ப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

கம்பாசிட்டரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் மோசம். எழுத்துக்கு மேல் கோடு என்றால் மேலே தனியாக ஒரு வரி கோக்க வேண்டும், பித்தளைக் கோட்டைத் துண்டு துண்டாக வெட்டி, கீழே உள்ள எழுத்துகளுக்குச் சரியாக ஆரம்பித்து முடிகிற மாதிரி இடையில் வெற்றுத் துண்டுகளைச் செருக வேண்டும். வரியைச் சரிக்கட்ட எங்காவது கொஞ்சம் இடம் தள்ளினால் கோடு நழுவி அடுத்த ஸ்வரத்தின் மேல் ஏறிவிடும். அதாவது ஒரு மாத்திரை அரை மாத்திரையாகிவிடும். கவிதையில் ஒரு சொல் நகர்ந்தால் கவிஞன் சண்டைக்குப் போவான். சங்கீதத்தில் கோடு நகர்ந்தால், பாடாந்தரம் என்று ஒரு தலைமுறைக்குப் பிறகு அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள்.

1893இல் சென்னைப் புதுப்பேட்டை ஆவே மரியா அச்சகத்திலிருந்து கீழ்த்திசை சங்கீதத்தை ஐரோப்பிய ஸ்வரக் குறியில் தரும் வெளியீடு ஒன்று ஆங்கிலத் தலைப்போடு வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். அரசாங்கத் தலைமைச் செயலகத்தில் அதிகாரி, எம்.ஏ. படித்தவர், கிறிஸ்தவர். நான் முதலில் சொன்னவர் இவர்தான். தியாகராஜருடைய கிருதிகள் வாலாஜாப்பேட்டைச் சிஷ்ய பரம்பரையில் இருப்பதை அறிந்து, அந்தப் பரம்பரையைச் சேர்ந்த கிருஷ்ணசாமி பாகவதரிடம் பாடக் கேட்டு, ஐந்து கோட்டில் எழுதினார். இந்தச் சங்கீதம் வாய்வழியாகவே இருந்தால் அழிந்துபோகும், உலகம் முழுவதும் படிக்கிற குறியில் எழுதிவிட்டால் அழியாது என்பது அவர் நம்பிக்கை. அதை இன்று கேலி செய்வது சுலபம். நம் சங்கீத விமர்சகர்கள் செய்தும் இருக்கிறார்கள், பெரும்பாலும் அவர் அச்சிட்ட பக்கத்தைப் பார்க்காமலே. அவருக்கு நான் ஒன்றை ஒப்புக்கொடுக்கிறேன். ஒரு கிருதியின் ஏற்ற இறக்கம் கண்ணுக்கு ஒரு மலைக்கோடு போலத் தெரிவது அவர் பக்கத்தில்தான். ஏழெழுத்துப் புத்தகத்தில் மேல் ஷட்ஜமும் கீழ் ஷட்ஜமும் ஒரே வரியில், ஒரே உயரத்தில், ஒரு புள்ளி வித்தியாசத்தில் நிற்கின்றன.

முதலியார்தான் சுப்பராம தீட்சிதரை அணுகியவரும். தீட்சிதர் (1839–1906) முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமியின் பேரன், அவரால் சுவீகாரம் எடுக்கப்பட்டவர், எட்டயபுரம் சமஸ்தான வித்வான். குடும்பத்துச் சொத்தான கிருதிகளை அச்சில் விடத் தயங்கியவர். முதலியாரின் உடம்பு தளர்ந்தபோது, எட்டயபுரம் ராஜாவிடமே விஷயத்தைக் கொண்டுபோய் ஒப்படைத்தார். 1901இல் முதலியார் இறந்தார். 1904இல், எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில், தெலுங்கு லிபியில், சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் 229 கிருதிகள் அதில் இருக்கின்றன. இதைச் சாத்தியமாக்கியவர் கேட்டிருந்த ஐந்து கோடு மட்டும் இல்லை.

ஐந்து கோட்டை விட்டதற்குப் பிடிவாதம் காரணமென்று எனக்குப் படவில்லை. தீட்சிதர் வேறு ஒரு பிரச்சனையைப் பார்த்துவிட்டார். ஐந்து கோட்டில் இரண்டு தலைகளுக்கு நடுவே உள்ள வெள்ளை என்ன சொல்கிறது? முதல் ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கிறது, அடுத்தது இன்னும் வரவில்லை என்று. அது காத்திருப்பு. தோடியின் காந்தாரத்தை எந்தத் தலையாக எழுதுவது? அது ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டிருக்கிற அசைவுக்குத்தான் நாம் காந்தாரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். மேற்கின் பக்கத்தில் எது வெள்ளையோ அங்கேதான் நம் ராகம் குடியிருக்கிறது. செதுக்குகிறவனின் கவராயம் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அளப்பது காலி மனையை.

தீட்சிதர் அந்த வெள்ளையை எழுத்தின் தலைக்கு மேல் ஏற்றிவிட்டார். கமகத்துக்கு ஒன்றாகக் குறிகள். கம்பிதத்துக்கு நெளிகோடு. ஏற்ற ஜாருவுக்கு ஏறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்கும் சாய்கோடு. ஒதுக்கலுக்குப் பெருக்கல் குறி மாதிரி ஒன்று. நொக்கு, ஓரிகை, ரவை, கண்டிப்பு, வளி என்று பட்டியல் போகிறது. பெயர்களைக் கவனியுங்கள், பல வீணைக்காரனின் விரல் செய்கிற காரியங்கள். தந்தியை ஒதுக்குவது, அழுத்துவது, வழுக்குவது. ஒலியின் படத்தை வரையாமல், கை செய்கிறதை எழுதியிருக்கிறார். இந்தத் தேர்வு எனக்கு ஒரு பெரிய நவீன மனத்தின் தேர்வாகப் படுகிறது. ஓர் எழுத்துக்கு மேல் ஒரு குறி, அதன் கீழ் சாகித்தியம், இவையெல்லாம் ஒரே நேர்குத்தில் நிற்க வேண்டுமானால் அந்த எட்டயபுரத்துக் கம்பாசிட்டர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது அதே ஊர்க்காரரான பாரதி இரங்கற்பா எழுதினார். கம்பாசிட்டர்களுக்கு யாரும் எழுதவில்லை.

ஆனால் குறிகள் பரவவில்லை. பிறகு வந்த பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள், கிருதிமாலைகள், பெரும்பாலானவை எழுத்தையும் கமாவையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு கமகக் குறிகளை விட்டுவிட்டன. ‘கமகம் குருமுகமாக வர வேண்டியது’ என்ற தத்துவம் இதற்குச் சொல்லப்படுகிறது. என் ஊகம் அவ்வளவு தத்துவார்த்தமானது அல்ல. குறிகளுக்கு எழுத்து வார்க்கப் பணம் வேண்டும், ஒரு ராஜா வேண்டும். கேஸில் இல்லாதது பக்கத்தில் இல்லாமல் போயிற்று, பக்கத்தில் இல்லாதது கொள்கையாயிற்று. 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டில் எல்லோருக்கும் பொதுவான குறிமுறை பற்றிப் பேசினார்கள். பேச்சோடு நின்றது. தமிழ் லிபியில் ப்ரதர்சினி கிடைக்க, மியூசிக் அகாதெமி 1961இலிருந்து 1983 வரை பகுதி பகுதியாக வெளியிட்டு முடிக்க வேண்டியிருந்தது. மூலம் அச்சாகி எட்டு தசாப்தங்கள்.

இன்று ஒருங்குறி இருக்கிறது, யாரும் ராஜாவைத் தேடிப் போக வேண்டாம். உட்கார்ந்து செய்துதான் பார்த்தேன். தமிழ் எழுத்தின் மேல் வேகக் கோடு போட்டால் கால் வருகிற இடத்தில் கோடு அறுகிறது, ரீயின் சுழியில் போய் மோதுகிறது. மேற்கத்திய நிரலில், இரண்டு பக்கத்துத் தண்டுகள் கண்ணை ஏமாற்றுவதற்குக்கூடத் திருத்தம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஸாவும் ரீயும் ஒரே காலத்துக்கு வெவ்வேறு அகலம் எடுத்துக்கொள்வதற்கு நம்மிடம் ஒருவர் கவராயம் எடுக்கவில்லை. அடிக்கோடு போட்டுவிட்டுப் போகிறோம். இதைச் சலிப்போடுதான் சொல்கிறேன்.

சங்கீதக்காரர்களின் விவகாரம், நமக்கென்ன என்று இந்தப் பத்திரிகையின் வாசகர் ஒருவர் கேட்கலாம். நம் கவிதையின் வெள்ளைக்கும் இதே சரித்திரம்தான். ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, புள்ளிகூடக் கிடையாது. எழுத்தாணிப் புள்ளி ஓலையைக் கிழிக்கும். அச்சு வந்ததும் வெண்பாவைச் சீர் பிரித்துப் போட்டார்கள். சொல் நடுவில் உடைந்தாலும் சரி, சீரின் எல்லை தெரிய வேண்டும். அந்த வெள்ளை தாளத்தின் வெள்ளை. பின்னால் சந்தி பிரித்துப் போட்டார்கள். இப்போது வெள்ளை அர்த்தத்துக்கு, தாளத்தைக் காது பார்த்துக்கொள்ள வேண்டும். 1959இல் ‘எழுத்து’ வந்த பிறகு, புதுக்கவிதைக்காரன் வரியை எங்கே முறிக்கிறான் என்பதில் மூன்றாவது ஒரு வெள்ளை பிறந்தது, மூச்சின் வெள்ளை. அதை நம்மில் பலர் மேற்கின் இரண்டு தலைகளுக்கு நடுவே உள்ளதைப் போல வெறும் காத்திருப்பாக்கிவிட்டோம். இங்கே நிறுத்து, பிறகு தொடர். அந்த நிறுத்தத்துக்குள் ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற ஜாரு உண்டா என்று கேட்டுப் பார்த்தால் வரிமுறிப்புகளில் பாதி தேறாது. (அச்சகம் ஒன்றில் என் கவிதையின் வரிகளைக் காகிதம் வீணாகிறதென்று சேர்த்துக் கோத்துவிட்டார்கள். படித்த நண்பர்களில் ஒருவருக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை. கம்பாசிட்டர் நல்ல விமர்சகர்.)

நான் இருப்பது அருவங்காட்டில். எட்டயபுரத்தில் ப்ரதர்சினியின் ஃபாரங்கள் ஓடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் இங்கே கார்டைட் தொழிற்சாலை எழும்பியது, 1903ஐ ஒட்டி. 1908இல் ரயில் குன்னூரிலிருந்து மேலே ஏறிற்று. எங்களுக்கு முந்திய ஸ்டேஷன் வெலிங்டன். மதராஸ் ரெஜிமெண்டின் பாண்டு அங்கே ஐந்து கோட்டைப் பார்த்துத்தான் வாசிக்கிறது. இதே மலையில் கோத்தர்களின் ஊர்கள் ஏழு. இரும்பு, மண்பாண்டம், மரவேலை, இவற்றோடு வாத்தியமும் அவர்கள் தொழில். தங்கள் தெய்வத்துக்கும் சாவுக்கும் வாசிப்பதோடு தொதவர், படகர் சாவுகளுக்கும் வாசித்து வந்தவர்கள். கொள் என்ற குழல், கொம்பு, மேளங்கள். ரிச்சர்ட் உல்ஃப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1990களின் தொடக்கத்தில் இங்கே தங்கிக் கற்று, 2005இல் கோத்தர்களின் காலம், இடம், இசை பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அவர் அந்த இசையை எழுத எடுத்துக்கொண்டது ஐந்து கோட்டைத்தான்.

முதலியாரின் சிக்கல் அங்கே திரும்ப வருகிறது, இன்னும் கடுமையாக. மேளம் ஒரு சுற்றை விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கொள் வாசிக்கிறவன் அதன் மேல் சில இடங்களில் மட்டும் வந்து ஊன்றுகிறான். நடுவே உள்ள ஸ்வரங்கள் மேளத்தின் அடிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நீளும், குறுகும். உல்ஃப் அந்த ஊன்றுமிடங்களுக்கு நங்கூரம் என்று பெயர் கொடுத்து, கோத்தர்களின் சடங்கிலும் இடவுணர்விலும்கூட அதே அமைப்பைப் பார்க்கிறார். அதெல்லாம் சற்று அதிகம் என்று நினைக்கிறேன். நங்கூரம் என்ற கருத்து மட்டும் அச்சுக்காரனுக்குப் பெரிய உதவி. ஐந்து கோட்டின் சட்டப்படி ஒரே சமயத்தில் ஒலிப்பவை ஒரே நேர்குத்தில் நிற்க வேண்டும். எந்த நிரலும் முதலில் செய்கிற காரியம் அதுதான், மேல் வரியையும் கீழ் வரியையும் தலைக்குத் தலை அடுக்குவது. இங்கே நங்கூரம் விழுகிற இடத்தில் மட்டும் அடுக்கினால் போதும், மற்ற இடங்களில் அடுக்கக் கூடாது. அடுக்கினால், கொள்காரன் செய்யாத ஒரு தீர்மானத்தை அவன் பெயரில் எழுதிவிடுகிறோம். இந்த நிரல்களில் அடுக்காமல் விடுவதற்குத்தான் மெனக்கெட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தலையாகப் பிடித்து, அதற்குரிய இடத்திலிருந்து கையால் கொஞ்சம் தள்ள வேண்டும்.